வீடு வாங்கும் முன் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

இந்தப் பாடம், இடம்பெயர்ந்து பல வருடங்களுக்குப் பின் பதுளைக்கும் ஊவாவின் தோட்டப் பகுதிகளுக்கும் திரும்பி வரும் குடும்பங்களுக்காக எழுதப்பட்டது. 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களால் வன்னிக்கோ தமிழ்நாட்டுக்கோ போனவர்கள் உங்களில் இருக்கலாம். மண்சரிவால் லயத்தை விட்டு வெளியேறி, உறவினர் வீட்டிலோ தற்காலிகக் கூடாரத்திலோ இருந்தவர்களும் இருக்கலாம். போன காரணம் வேறாக இருந்தாலும் திரும்பி வரும்போது எல்லோருக்கும் இருக்கும் ஆசை ஒன்றுதான்: இனி யாரும் எழும்பச் சொல்லாத ஒரு வீடு.

இந்தப் பாடத்தின் முடிவில் நீங்கள் மூன்று விடயங்களைத் தெரிந்திருப்பீர்கள்.

• எந்தக் காணியை வாங்கலாம், எதை வாங்க முடியாது.
• பணம் கொடுக்கும் முன் எந்தக் காகிதத்தை எங்கே சரிபார்ப்பது.
• மலைச்சரிவில் உள்ள ஒரு வீட்டை எப்படிப் பார்ப்பது.

குடும்பத்தில் வாசிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக் கலந்துரையாடுவது நல்லது. ஒரே நாளில் முடிக்கத் தேவையில்லை.

ஓர் உதாரணக் குடும்பம்

இது ஒரே ஒரு குடும்பத்தின் கதை அல்ல. இப்படிப் பலருக்கு நடக்கக்கூடியதைச் சேர்த்து எழுதிய உதாரணம்.

ஓர் அக்கா, அவருடைய கணவர், மூன்று பிள்ளைகள். அக்காவின் பெற்றோர் 1983இன் பின் பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றை விட்டு வவுனியாவுக்குப் போனார்கள். பிறகு கடல் கடந்து தமிழ்நாட்டு முகாம். கடைசியில் குடும்பம் திரும்பி வந்தது. கையில் இருந்தது அக்காவின் நகையை விற்ற காசும் கொஞ்சம் சேமிப்பும்.

கணவரின் சித்தப்பா மகன் பழைய தோட்டத்திலேயே இருந்தார். அவர் சொன்னார்: “நான் கொழும்புக்குப் போறேன். காம்பராவையும் முன்னுக்கு இருக்கிற மரக்கறித் தோட்டத்தையும் நீங்களே எடுத்துக்கங்க. சொந்தக்காரங்க எடுத்தா எனக்கும் சந்தோசம்.” நாலரை இலட்சம் ரூபா கைமாறியது. ஒரு தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு சாட்சிகள் கையொப்பம் வைத்தார்கள். தோட்டத் தலைவரும் கையொப்பம் வைத்தார்.

இரண்டு வருடத்தில் அந்தக் குடும்பம் கூரைத் தகரம் மாற்றியது, குசினி கட்டியது. அதன் பின் நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது: வீட்டுப் பதிவில் உங்கள் பெயர் இல்லை, வேலை செய்யும் வேறொரு குடும்பத்துக்கு அந்த வீடு தேவை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அக்கா சட்டத்தரணியிடம் போனார். அவர் வாசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நீங்க காசு குடுத்ததுக்கு இது சாட்சி. ஆனா நீங்க எதையாவது வாங்கினதுக்கு இது சாட்சி இல்லம்மா.”

இங்கே யாரும் களவு எடுக்கவில்லை. விற்றவர் தன்னுடையது என்று நம்பியதைத்தான் விற்றார். வாங்கியவர் சொந்தக்காரரை நம்பினார். தலைவர் உதவி செய்வதாக நினைத்தார். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை யாருமே கேட்கவில்லை.

முதலாவது கேள்வி: இந்த மண் யாருடையது?

வீடு வாங்குகிறோம் என்று சொல்கிறோம். சட்டம் முதலில் பார்ப்பது சுவரையும் கூரையையும் அல்ல, அவை நிற்கும் காணியை. ஆகவே எந்த வீட்டைப் பார்த்தாலும், காணி கீழே உள்ள வகைகளில் எதைச் சேர்ந்தது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

1. தோட்டக் காணி. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் ஒருவர் வைத்திருக்கக்கூடிய காணியை 50 ஏக்கராக மட்டுப்படுத்தியது. 1975ஆம் ஆண்டுத் திருத்தம் கம்பனிகளின் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. 1992இல் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. ஆனால் கம்பனி ஒரு குத்தகைக்காரர் மட்டுமே. காணி அரசின் பக்கம்தான் இருக்கிறது. ஆகவே லயன் காம்பராவை அதில் குடியிருப்பவர் விற்க முடியாது. துரையும் விற்க முடியாது. தலைவரின் கடிதமும், நிர்வாகம் கொடுத்த வீட்டுப் பதிவுக் கடிதமும் உறுதி ஆகாது.

2. வீடமைப்புத் திட்டக் காணி. தோட்டங்களில் இந்திய உதவித் திட்டம் உட்படப் பல திட்டங்களின் கீழ் 7 பேர்ச் காணியில் தனி வீடுகள் கட்டப்பட்டுள்ளன. சில குடும்பங்களிடம் உறுதி இருக்கிறது, சிலரிடம் இன்னும் இல்லை. இப்படியான வீடு ஒன்றை யாராவது விற்க வந்தால், ‘பயனாளி’ என்ற கடிதத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். உறுதி எங்கே, அதில் விற்பனைக்கு என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்று கேளுங்கள்.

3. அரச காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மக்களுக்கு முதலில் அனுமதிப்பத்திரமும் பிறகு அளிப்புப் பத்திரமும் கொடுக்கப்படுகின்றன. சுவர்ணபூமி, ஜயபூமி என்று மக்கள் சொல்வது அளிப்புப் பத்திரங்களையே. அனுமதிப்பத்திரக் காணியை விற்க முடியாது. அளிப்புப் பத்திரக் காணியை விற்பதாக இருந்தால் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதத்தை முன்கூட்டியே பெற வேண்டும். சம்மதம் இல்லாமல் எழுதிய உறுதி, நொத்தாரிசு எழுதியிருந்தாலும் செல்லாது. ‘பிறகு எடுத்துத் தாறேன்’ என்ற வாக்கை நம்ப வேண்டாம்.

4. காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவின் காணி. தோட்டங்களை ஒட்டியும் கிராமங்களுக்கு இடையிலும் இப்படியான துண்டுகள் இருக்கின்றன. பலர் பல வருடமாகக் குடியிருப்பார்கள், பணம் கட்டிய பற்றுச்சீட்டும் வைத்திருப்பார்கள். பற்றுச்சீட்டு உறுதி அல்ல. ஆணைக்குழு எழுதிக் கொடுத்த உறுதி இருக்கிறதா என்பதே கேள்வி.

5. தனியார் காணி. பதுளை, ஹாலிஎல, பண்டாரவளை, பசறை, வெலிமடை போன்ற நகரங்களிலும் அவற்றைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் உறுதியுள்ள தனியார் காணிகள் இருக்கின்றன. நீங்கள் முழு உரிமையோடு வாங்கக்கூடியது பெரும்பாலும் இந்த வகைதான். ஆனால் இதிலும் கவனம் வேண்டும்.

ஒரு தப்பான நம்பிக்கையையும் இங்கே தீர்த்துக்கொள்வோம். ‘பத்து வருசம் இருந்தா நம்மளுக்கே சொந்தம்’ என்று பலர் சொல்வார்கள். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் உள்ள அந்தப் பத்து வருட விதி தனியார் காணிக்கானது. அங்கும் அதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அரச காணிக்கு அந்த விதி கைகொடுக்காது. தனியார் காணியிலும், ‘இது என்னுடையது’ என்று விற்பவர் தானே எழுதி வைத்த பிரகடன உறுதி மட்டும் இருந்தால், சட்டத்தரணியிடம் காட்டாமல் ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம்.

காகிதங்களைச் சரிபார்க்கும் ஒழுங்கு

கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்யுங்கள். ஒரு படி முடியாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

முதற் படி: உறுதியின் பிரதியைக் கேளுங்கள். நல்ல மனதோடு விற்பவர் உறுதியின் பிரதியையும் நில அளவையாளரின் வரைபடத்தின் பிரதியையும் தருவார். ‘உறுதி பேங்க்ல இருக்கு’, ‘உறுதி அண்ணன்கிட்ட இருக்கு’ என்ற பதில் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். வங்கியில் இருந்தால் அது ஈட்டில் இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாம் படி: காணிப் பதிவகத்தில் தேடுங்கள். ஒவ்வொரு காணிக்கும் பதிவகத்தில் ஓர் ஏடு இருக்கிறது. யார் யாருக்கு விற்றார், ஈடு வைக்கப்பட்டுள்ளதா, வழக்கு இருக்கிறதா, நீதிமன்றத் தடை இருக்கிறதா என்பதெல்லாம் அதில் பதியப்படும். உறுதியின் முத்திரையில் அந்த ஏட்டின் இலக்கம் இருக்கும். சட்டத்தரணிகள் வழக்கமாக 30 வருடம் பின்னோக்கிப் பார்ப்பார்கள். இதற்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவு அல்ல.

மூன்றாம் படி: எல்லாப் பங்காளர்களும் கையொப்பம் வைக்கிறார்களா? தகப்பன் இறந்த பின் வீட்டில் இருக்கும் மூத்த மகன் விற்க வருவது வழமை. தாய்க்கும் சகோதர சகோதரிகளுக்கும் பங்கு இருக்கும். வெளிநாட்டில் உள்ள தங்கச்சி கையொப்பம் வைக்கவில்லை என்றால், அவருடைய பங்கை நீங்கள் வாங்கவில்லை. ‘பிரிக்கப்படாத பங்கு’ என்று உறுதியில் இருந்தால், நீங்கள் வாங்குவது அந்த மூலையையோ அந்த வீட்டையோ அல்ல; முழுக் காணியில் ஒரு பாகத்தை. இது பின்னாளில் பிரிவினை வழக்கில் முடியலாம்.

நான்காம் படி: அற்றோணித் தத்துவத்தைக் கவனியுங்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், நான்தான் அவருக்குப் பதிலாகக் கையொப்பம் வைப்பேன் என்று ஒருவர் வந்தால், தத்துவத்தின் மூலப் பிரதியைப் பாருங்கள். விற்பனை செய்யும் அதிகாரம் அதில் எழுதியிருக்கிறதா? தத்துவம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா? அவர் இறந்தால் தத்துவமும் முடிந்துவிடும். முடிந்தால் உரிமையாளருடன் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுங்கள்.

ஐந்தாம் படி: காணியை அளந்து பாருங்கள். 1 பேர்ச் என்பது 272.25 சதுர அடி. 7 பேர்ச் ஏறக்குறைய 1,906 சதுர அடி. 160 பேர்ச் சேர்ந்தால் 1 ஏக்கர். ‘அந்தப் பலா மரத்திலேருந்து இந்தக் கான் வரைக்கும்’ என்று காட்டுவதை ஏற்க வேண்டாம். உரிமம் பெற்ற நில அளவையாளரை வரவழைத்து, வரைபடத்தில் உள்ள எல்லைக் கற்கள் நிலத்திலும் இருக்கின்றனவா என்று அயலவர் முன்னிலையில் பாருங்கள்.

ஆறாம் படி: நொத்தாரிசு முன்னிலையில் மட்டும். 1840ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும். பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு கையொப்பம் வைக்கப்பட வேண்டும். முற்பணம் கொடுத்து ‘பிறகு எழுதுவோம்’ என்று செய்யும் விற்பனை உடன்படிக்கைக்கும் இதே விதிதான். கடுதாசித் தாளில் முத்திரை ஒட்டி எழுதியதை வைத்துக் காணி உரிமை கேட்க முடியாது. விற்பவர் கூட்டி வரும் நொத்தாரிசுவை விட, நீங்கள் தேடிப் பிடித்த ஒருவரே நல்லது.

ஏழாம் படி: உடனே பதியுங்கள். 1927ஆம் ஆண்டின் ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் முக்கியமான ஒரு விதி உண்டு. ஒரே காணியை ஒருவர் இரண்டு பேருக்கு விற்றால், நேர்மையாகப் பணம் கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவருக்கே முன்னுரிமை. உறுதியை எழுதி அலுமாரியில் வைத்துப் பூட்டினால் போதாது. சில வாரங்கள் கழித்து நீங்களே பதிவகத்துக்குப் போய், ஏட்டில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

மொழி பற்றி ஒரு சொல். நம் மாவட்டத்தில் உறுதிகள் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்படுகின்றன. விளங்காத மொழியில் உள்ள உறுதியில் கையொப்பம் வைக்க வேண்டாம். தமிழில் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். நம்பிக்கையான, அந்த மொழி தெரிந்த ஒருவரையும் கூட்டிப் போங்கள். விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. அதற்காக வெட்கப்படத் தேவையில்லை.

யாருடைய பெயரில் எழுதுவது?

2014ஆம் ஆண்டின் காணி பராதீனப்படுத்தல் மீதான கட்டுப்பாடுகள் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி மாற்றுவதைத் தடுக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். காணி வாங்கும் ஒவ்வொருவரும் முதலில் இலங்கைப் பிரசாவுரிமையையும் தேசிய அடையாள அட்டையையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அங்கே பிறந்த பிள்ளைகளின் பிரசாவுரிமைப் பதிவையும் முடித்துக்கொள்ளுங்கள்.

அடையாள அட்டை வரும் வரை பொறுக்க முடியாமல், ‘இப்போதைக்கு மச்சான் பேர்ல எழுதுவோம்’ என்று சிலர் செய்வார்கள். உறுதியில் யார் பெயரோ அவரே உரிமையாளர். மச்சான் நல்லவராக இருக்கலாம். அவர் கடன்பட்டால், அவர் இறந்தால், அவருடைய பிள்ளைகள் வேறு மாதிரி நினைத்தால் உங்கள் வீடு என்னாகும்? சில மாதம் பொறுப்பது நல்லது.

பெயர் எழுத்தையும் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் பெயர் இருப்பது தோட்டக் குடும்பங்களில் சாதாரணம். உறுதியில் அடையாள அட்டை இலக்கத்தையும், நீங்கள் அழைக்கப்படும் மற்றப் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

கணவன், மனைவி இருவரின் பெயரிலும் எழுதும்படி நாங்கள் எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்கிறோம். லயத்துப் பதிவு ஆணின் பெயரில் இருந்ததால், கணவன் இறந்ததும் அல்லது பிரிந்ததும் இடம் இல்லாமல் நின்ற தாய்மார் நம் மத்தியில் இருக்கிறார்கள். இருவர் பெயரும் இருந்தால் ஒருவருடைய கையொப்பம் இல்லாமல் மற்றவர் முழு வீட்டையும் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது.

இரண்டாவது கேள்வி: இந்த மண் நிற்குமா?

காகிதம் எல்லாம் சரி என்றாலும் வேலை முடியவில்லை. நாம் இருப்பது மலையில்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, ஹல்துமுல்லைப் பிரிவில் கொஸ்லந்தை மீரியபெத்தவில் மலை சரிந்து லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் ஏன் அங்கேயே இருந்தார்கள் என்று பலர் கேட்டார்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதன் பதில் தெரியும். எழும்பிப் போக அவர்களுக்கென்று வேறு காணி இருக்கவில்லை. மண் யாருடையது என்ற கேள்வியும் மண் நிற்குமா என்ற கேள்வியும் மீரியபெத்தவில் ஒன்றாகவே இருந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்தது.

இப்போது நீங்கள் பணம் கொடுத்து இடத்தைத் தெரிவு செய்கிறீர்கள். உங்கள் பெற்றோருக்குக் கிடைக்காத வாய்ப்பு இது. அதைக் கவனமாகப் பயன்படுத்துங்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களை வைத்திருக்கிறது. பதுளை, மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் ஒன்று. இங்கே புதிதாக வீடு கட்ட அனுமதி கேட்கும்போது அந்த நிறுவனத்தின் அறிக்கை கேட்கப்படும். வாங்கிய பிறகு அறிக்கை எடுத்து, ‘இங்கே கட்ட முடியாது’ என்று பதில் வந்தால் பணம் போய்விடும். ஆகவே வாங்கும் முன்பே காணியின் வரைபடத்தோடு அவர்களின் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். கட்டி முடித்த வீட்டை வாங்கினாலும் இதைச் செய்யுங்கள்; பிரதேச சபை அந்த வீட்டுக்குக் கட்டட அனுமதி கொடுத்ததா என்றும் கேளுங்கள்.

உங்கள் கண்ணாலும் பாருங்கள். கீழே உள்ள அடையாளங்கள் இருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஆலோசனை பெறாமல் வாங்க வேண்டாம்.

• நிலத்திலோ வீட்டுத் தரையிலோ நீளமான வெடிப்பு.
• சுவரில் மூலைக்கு மூலை சாய்வாகப் போகும் வெடிப்பு. இறுகிப்போய்த் திறக்க முடியாத கதவு, யன்னல்.
• ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும் மரங்கள், மின்கம்பங்கள், வேலி.
• முன்பு இல்லாத இடத்தில் புதிதாக ஊற்று. அல்லது வழமையான பீலித் தண்ணீர் திடீரெனக் கலங்கி வருவது, நிற்பது.
• வீட்டின் பின்புறம் செங்குத்தாக வெட்டப்பட்ட, தடுப்புச் சுவரோ கானோ இல்லாத மண் மேடு.
• புதுப் பூச்சு மட்டும் ஓர் இடத்தில். அதன் கீழே என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

ஊவாவில் ஆடி, ஆவணி மாதங்களில் வறண்ட காற்று வீசும். அந்த நேரத்தில் எல்லா மலையும் உறுதியாகத் தெரியும். எங்கள் ஆலோசனை: முடிந்தால் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மழைக்காலம் ஒன்றை அந்த ஊரில் வாடகைக்கு இருந்து பாருங்கள். முடியாவிட்டால் பெருமழை பெய்த மறுநாள் ஒரு தடவை போங்கள். மேலிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது, பாதை உடைகிறதா, ஆட்டோ வருமா என்று தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், ‘இந்தப் பக்கம் முன்னுக்கு எப்பவாவது மண் இறங்கியிருக்கா?’ என்று கேளுங்கள்.

தண்ணீரும் பாதையும்

மலிவாக விற்கும் காணிகளில் பல, பாதை இல்லாத காணிகள். இன்று அயலவர் தன் காணிக்குள்ளால் போக விடுவார். நாளை அவர் விற்றுவிட்டால் வாங்கியவர் வேலி அடைக்கலாம். பாதை உரிமை வரைபடத்திலும் உறுதியிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘பத்தடி பாதை’ என்றால் உறுதியில் பத்தடி என்று இருக்கிறதா, நிலத்தில் எத்தனை அடி என்று இரண்டையும் பாருங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குழாய் என்றால் யாருடைய பெயரில்? பீலி என்றால் அது யாருடைய காணியில், வரட்சியில் வற்றுமா? மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம், பிரதேச சபையின் சோலைவரி ஆகியவற்றில் நிலுவை இல்லை என்பதற்குப் பற்றுச்சீட்டுகளைக் கேளுங்கள்.

பணக் கணக்கு

விலையை மட்டும் சேர்த்தால் போதாது. முத்திரை வரி, நொத்தாரிசு கட்டணம், நில அளவைக் கட்டணம், பதிவுக் கட்டணம் எல்லாம் வாங்குபவருக்கே. முத்திரை வரியின் வழமையான கணக்கு: முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். காணியின் பெறுமதி 1,500,000 ரூபா என்றால், 3,000 ரூபாவும் 56,000 ரூபாவும் சேர்ந்து 59,000 ரூபா. நடப்பு வீதத்தை நொத்தாரிசுவிடம் உறுதிப்படுத்துங்கள். வரியைக் குறைக்க உறுதியில் குறைந்த விலை எழுதச் சொல்பவர்கள் உண்டு. பின்னர் வழக்கு வந்தால் நீங்கள் கொடுத்த மீதிப் பணத்துக்குச் சாட்சி இருக்காது.

பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி மூலம் கொடுங்கள். முழுத் தொகையையும் கையொப்பம் வைக்கும் அன்றே கொடுங்கள்.

குடும்பத்தில் ஊழியர் சேமலாப நிதிக்குப் பணம் கட்டும் ஒருவர் வேலையில் இருந்தால் ஒரு வழி உண்டு. 10 வருடச் சேவையும், கணக்கில் குறைந்தது 300,000 ரூபாவும் இருந்தால், வீடு அல்லது காணி வாங்க மீதியில் 30 வீதம் வரை எடுக்க விண்ணப்பிக்கலாம். இது முதுமைக்கான பணம் என்பதால் குடும்பமாகப் பேசித் தீர்மானியுங்கள்.

கடன் வாங்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். சில கடன்காரர்கள் ஈட்டு உறுதி எழுதாமல், ‘சும்மா ஒரு பாதுகாப்புக்கு’ என்று அறுதி உறுதி எழுதச் சொல்வார்கள். அறுதி உறுதி என்றால் விற்றாயிற்று என்று அர்த்தம். கடனுக்காக அதில் கையொப்பம் வைத்தால், கடனைக் கட்டினாலும் வீடு திரும்பி வரும் என்று நிச்சயமில்லை.

எங்கே கேட்பது?

• காணி அரச காணியா என்று: பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவு. கிராம உத்தியோகத்தரிடம் ஆரம்பிக்கலாம். ஆனால் அவருடைய வாய்ச்சொல்லோடு நிறுத்த வேண்டாம்.
• பதில் கிடைக்காவிட்டால்: 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழில் எழுதிக் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.
• சட்டத்தரணிக்குப் பணம் இல்லாவிட்டால்: சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம்.
• மண்சரிவு அவசரத்தில்: அனர்த்த முகாமைத்துவ நிலையம், தொலைபேசி 117.

குடும்பமாகக் கலந்துரையாடுங்கள்

1. உதாரணக் குடும்பம் நாலரை இலட்சம் கொடுக்கும் முன் யாரிடம், என்ன கேட்டிருக்க வேண்டும்?
2. நாங்கள் இப்போது பார்த்து வைத்திருக்கும் இடம் ஐந்து வகைகளில் எது? அதை எந்தக் காகிதம் காட்டுகிறது?
3. அந்த இடத்தை மழையில் பார்த்தோமா?
4. உறுதியில் யார் யாருடைய பெயர் வர வேண்டும்? ஏன்?
5. சொந்தக்காரர் விற்கும்போது காகிதம் கேட்க நமக்கு ஏன் கூச்சமாக இருக்கிறது? அவர் மனம் நோகாமல் எப்படிக் கேட்கலாம்?

கடைசிக் கேள்விக்கு ஒரு யோசனை. ‘எங்களுக்கு உதவி செய்யிற நிறுவனம் காகிதம் இல்லாம விடமாட்டாங்க’ என்று எங்கள் மேல் பழியைப் போடுங்கள். அதற்கு எங்களுக்கு மனவருத்தம் இல்லை. காகிதம் கேட்டதால் வரும் கோபம் ஒரு தீபாவளியோடு போய்விடும். காகிதம் இல்லாமல் வாங்கிய வீட்டைப் பற்றிய பயம் அப்படிப் போகாது.

நீங்கள் ஒரு முறை வீட்டை இழந்தவர்கள். அடுத்த வீட்டுக்குப் பணம் கொடுக்கும் முன் இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் கையில் இருக்கட்டும். பதில் இல்லாவிட்டால் இந்தக் கையேட்டை எடுத்துக்கொண்டு எங்கள் களப் பணியாளரிடம் வாருங்கள். அவர் உங்களோடு பதிவகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் கூட வருவார்.